அமுக்கரா வேரும் மனப் பதற்றமும்

(மருந்துப் பயிர் சாகுபடிப் பயிற்சியில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



அமுக்கரா சாகுபடி பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். சாகுபடி முறை உங்களில் பலருக்குத் தெரிந்ததே. மணற்பாங்கான செம்மண் ஏற்றது. தண்ணீர் தேங்கக் கூடாது. தூவி விதைத்தால் ஏக்கருக்கு 4 முதல் 5 கிலோ விதை போதும். 150 முதல் 180 நாட்களில், இலை காய்ந்து பழம் சிவந்ததும், செடியை வேரோடு பிடுங்கி, வேரை நறுக்கி உலர்த்த வேண்டும். ஏக்கருக்கு 120 முதல் 200 கிலோ உலர்ந்த வேர் கிடைக்கும். வழவழப்பாக, படக்கென்று ஒடிவதாக, உள்ளே வெண்மையாக இருக்கும் வேருக்கே நல்ல விலை. இன்று இதற்கு மேல் சாகுபடி பேசப் போவதில்லை. காரணம் உண்டு.

சென்ற ஆண்டு இதே போன்ற பயிற்சி முடிந்ததும், அமுக்கரா பயிரிட்ட பெரியவர் ஒருவர் தனியே வந்து நின்றார். கிணறு வற்றி, கடன் ஏறி, மாதக்கணக்கில் அவருக்குத் தூக்கமில்லை. நெஞ்சு படபடக்கிறது, விடியற்காலையில் கை நடுங்குகிறது. மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். "சார், நம்ம வயல் வேரையே இடிச்சுப் பாலில் கலந்து குடிக்கிறேன். மாத்திரையை விட்டுடலாமா?" என்று கேட்டார். நான் உழவியல் படித்தவன், மருத்துவனல்ல. ஆயினும் அந்தக் கேள்வியை விளைவிப்பவர்கள் எல்லோரும் கேட்கக்கூடும் என்பதால், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அமுக்கராவின் தாவரப் பெயரிலேயே 'தூக்கம் தருவது' என்னும் பொருள் இருக்கிறது. பெயர் பொய்யில்லை. 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட மன அழுத்தமுள்ள 64 பேரில் ஒரு பகுதியினருக்கு வேரின் செறிவுச் சாறு 300 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருமுறை, 60 நாட்கள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சாறு உண்டவர்களின் அழுத்தம் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் 64 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. 60 நாள் என்பது குறுகிய காலம். மேலும் அது அளவிட்டுத் தயாரித்த சாறு. நம் உரலில் இடித்த பொடியில் மருந்துச் சத்து எவ்வளவு என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. மண்ணுக்கு மண், அறுவடைக்கு அறுவடை அது மாறும். சித்த மருத்துவர் கொடுக்கும் அமுக்கராச் சூரணம்கூட வெறும் வேர்ப்பொடியன்று. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு முதலியவை அளவோடு சேர்ந்தது.

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்பார்கள். புகையிலையும் மூலிகைதான்; அமுக்கராவின் குடும்பத்தைச் சேர்ந்ததுங்கூட. அமுக்கரா உண்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் உண்மை. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கருத்தாலோ, உடல் அரித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தைராய்டு சுரப்பை இது கூட்டக்கூடும். அது கூடினால் படபடப்பும் கூடும், அதாவது தீர்க்க நினைத்த நோயே வளரும். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை உண்பவர்களுக்கு அவை அளவுக்கு மீறி இறங்கலாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் மிகும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

இலை விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பிடுங்கிய பின் இலை வீணாகிறதே என்று அதையும் கஷாயம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். இலையில் விதாஃபெரின் என்னும் பொருள் வேரைவிட மிகுதி. மருந்து தயாரிப்பவர்கள் இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய ஆயுஷ் அமைச்சகமே 2021இல் அறிவுறுத்தியது. வேரோடு இலைத்தூளைக் கலந்து விற்பதும் இந்தத் தொழிலில் நடக்கிறது. நீங்கள் அதில் சேராதீர்கள்.

அந்தப் பெரியவரிடம், மாத்திரையை விடாதீர்கள் என்றேன். மனநல மாத்திரைகள் சிலவற்றைச் சட்டென்று நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகும், வலிப்புகூட வரலாம். வேர்ப்பொடியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடமே போய், இதையும் உண்கிறேன் என்று சொல்லுங்கள் என்றேன். போனார். பொடியை நிறுத்தச் சொல்லி, மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தாராம். கடன் தீரவில்லை, ஆனால் இப்போது இரவில் ஐந்து மணி நேரம் உறங்குகிறேன் என்கிறார். சாயங்காலம் குடித்துவந்த நாலு கிளாஸ் டீயையும் விட்டிருக்கிறார். அதில் பாதிப் பலன் டீயை விட்டதால்தான் என்பது என் எண்ணம்!

சின்னக் கவலை, ஓரிரு நாள் தூக்கமின்மை என்றால் பொறுத்துப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், வயலுக்குப் போகவே மனமில்லை என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். சித்த மருந்து வேண்டுமானால் அதற்கும் தகுதிபெற்ற சித்த மருத்துவரையே பாருங்கள். 2022 முதல் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, இரவிலும் பேசலாம்.

இன்னொன்று. பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைப் பரணிலும் கட்டிலடியிலும் வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மனம் உடைந்தவர் வீட்டில் அது இருக்கவே கூடாது. தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மிச்சத்தைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். மனம் சரியில்லாதவர் நீங்களே என்றால், அந்தச் சாவியை இன்றைக்கே உங்கள் அண்ணனிடமோ தம்பியிடமோ கொடுத்துவிடுங்கள்.