திருவிழாக் கணக்கும் ஊர்க் கணக்கும்

(காட்டூரில் ஊராட்சி உறுப்பினர்கள், ஏரிக்கரை ஊர்களின் விழா நிர்வாகிகள், ஒன்றியப் பணியாளர்கள் ஆகியோரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பழவேற்காட்டு மகிமை மாதா கோயில் திருவிழாவுக்கு ஏரிக்கரை ஊர்கள் ஆயத்தமாகும்போதெல்லாம் நம் பணியாளர்களில் சிலர், "கொடிக்கும் தேருக்கும் வாணத்துக்கும் செலவிடும் பணத்தில் ஒரு கழிப்பிடம் கட்டலாகாதா?" என்று கேட்பதுண்டு. இக்கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. அப்பணத்தைத் திரட்டுகின்ற ஒழுங்கு நம்மிடம் இல்லை, ஊராரிடம் இருக்கிறது. அதை அறியாமல் செலவை மட்டும் பழிப்பது முறையாகாது.

மகிமை மாதா கோயில் 1515ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியரால் தோன்றியதென்பது மரபு. பின்னர் வந்த ஒல்லாந்தர் 1613இல் இங்கே கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். இன்று அக்கோட்டை இடிபாடாகக் கிடக்கிறது. அவர்களுடைய வாணிகமும் மறைந்தது. மாதாவை வணங்கும் வழக்கமோ நிலைத்திருக்கிறது. காரணம், நம் கடற்கரை மக்கள் அதைத் தம் மரபுக்குள் எடுத்துக்கொண்டதே. கொடிமரம் நாட்டுதல், தேர் இழுத்தல், முடி காணிக்கை, உப்பும் மிளகும் படைத்தல் ஆகியவை கடல் கடந்து வந்தவையல்ல. நம் ஊர்க் கோயில்களிலும் காண்பவையே. தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு 1806இல் தங்கத் தேர் ஓடியதும் இம்மரபின் வழியேதான். பாதுகாவலர் விழாவென்றால் எம்மதத்தாரும் மெழுகுவர்த்தியோடு வந்து நிற்பதும் இதனாலேயே. உழவூர்களுக்கும் கரையூர்களுக்கும் இதில் பங்குண்டென்பதால்தான் இக்கூட்டத்தைக் காட்டூரில் கூட்டினோம்.

இனி, விழாப் பணம் சேரும் வகையைப் பாருங்கள். கரையூர்களில் மணமான ஆண்மகன் ஒருவனை ஒரு தலைக்கட்டாக எண்ணி, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி விதிப்பது வழக்கம். வலை நிறைந்தவனுக்கும் வெறுங்கையோடு திரும்பியவனுக்கும் விகிதம் ஒன்றே. செலுத்தத் தவறினால் ஊர்ச் சபையில் பதில் கூறவேண்டும். விழா முடிந்ததும் வரவும் செலவும் ஊரார் முன் படிக்கப்பெறும். நம் அலுவலகங்களின் தணிக்கைக்கு அஞ்சாதவரும் அந்தப் படிப்புக்கு அஞ்சுவர்!

இவ்வேரியின் பாடு முறையும் இவ்வாறான எண்ணிக்கையின்மேல் நிற்பதே. இறால் மிகுதியாக விழும் இடங்களில் வலை கட்டும் உரிமை எவர்க்கும் நிலையான சொத்தன்று. சீட்டுக் குலுக்கி, ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் முறை மாறி வரும். நல்ல இடம் இன்று ஒருவனுக்கு, நாளை மற்றொருவனுக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், மாதாவின் பெயரையே தாங்கிய நடுவூர் மாதாகுப்பம் ஆகியவை இம்முறையில் பேர்பெற்றவை. சட்டப் புத்தகத்தைப் பாராமலே மீனவர் நடத்திவரும் இந்தப் பங்கீட்டைப் பெருங்கல்வி கற்றவர்கள் இங்கே வந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

ஆயினும் இக்கணக்கில் ஒரு குறை உண்டு. அதைச் சொல்லவே இன்று வந்தேன்.

ஆண்மகனே தலைக்கட்டென்றால், கணவனை இழந்தவள் எங்கே நிற்பாள்? அவளிடம் வரி கேட்பதில்லை, அல்லது பாதி வாங்குகிறார்கள். இரக்கத்தால் வந்த ஏற்பாடுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வரிப் பட்டியலில் பெயரில்லாதவளுக்குப் பங்குப் பட்டியலிலும் பெயரில்லாமற் போகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் சோழமண்டலக் கடற்கரையின் பல ஊர்களில் நிவாரணப் பொருள்கள் ஊர்ச் சபைகளின் இந்தப் பட்டியலைக் கொண்டே பங்கிடப்பட்டன. கைம்பெண்களும் வரி கட்டாத பிறரும் ஆங்காங்கே விடுபட்டனர். சில இடங்களில் குறைவாகப் பெற்றனர். விட்டவர்கள் தீயவர்களல்லர், பட்டியலை அப்படியே படித்தார்கள், அவ்வளவே. இவ்வேரியின் ஆழமில்லா நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் எந்தக் குப்பத்தின் பட்டியலில் இருக்கின்றன? தலையில் கூடை சுமந்து உழவூர்த் தெருக்களில் மீன் விற்கும் தாய்மாருள் எத்தனை பேர் விழாக் குழுவில் அமர்ந்திருக்கிறார்கள்?

கிராம சபையில் இக்குறை இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை. தமிழ்நாட்டில் ஊராட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கென 2016இல் சட்டம் செய்யப்பட்டது. ஆண்டுக்கு 6 முறை சபை கூட்டவும் ஏற்பாடு உள்ளது. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன்: கிராம சபைக்கு வருவோரைவிட விழாக் கூட்டத்துக்கு வருவோர் பன்மடங்கு. கையெழுத்துக்காக வீடு வீடாகப் பதிவேட்டைச் சுமந்து சென்ற பணியாளர்கள் இங்கேயே இருக்கிறார்கள்!

ஆகையால் விழாக் குழுவினரிடம் நான் கேட்பது புதிய சபையன்று. கொடியேற்றத்துக்கு முன் வரிப் பட்டியல் எழுதும்போது, பெண் நடத்தும் ஒவ்வொரு குடும்பத்தையும் அவள் பெயராலேயே எழுதுங்கள். வரி ஒரு ரூபாயாக இருக்கட்டும். ரசீது அவள் கையில் இருக்கட்டும். மீன் விற்கும் தாய்மார் சிலரைக் குழுவில் சேருங்கள். வேண்டுதலுக்காகச் சமைத்துப் போடும் பந்தியில் யாரையும் பட்டியல் பார்த்து உட்கார வைப்பதில்லையே; கணக்கிலும் அந்த மனம் வரட்டும். நம் பணியாளர்கள் அப்பட்டியலின் பிரதியைப் பெற்று, முதியோர், கைம்பெண் உதவித் தொகைக்கு உரியவர் எவரேனும் விடுபட்டுள்ளாரா என்று ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இதற்கு அரைநாள் போதும்.

இன்னொன்று, படகு. 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். திருநாள் கூட்டம் துறையில் நெருக்கும்போது, "இன்னும் இருவர் ஏறலாம்" என்னும் சொல் எளிதாக வந்துவிடும். தேருக்கு வடம் பிடிக்கவும் கூட்டத்தை ஒதுக்கவும் இளைஞர்களை நியமிக்கிறீர்கள். அவர்களுள் நால்வரைப் படகுத்துறையில் நிறுத்துங்கள். உல்லாசத்துக்காக ஒருவரையும் ஏற்றலாகாது. கரை கடக்கவேண்டிய ஊரார் ஏறும்போதும் தலைகளை எண்ணட்டும். அந்த நால்வரின் பெயர்களை இக்கூட்டம் கலைவதற்குள் எழுதிக் கொடுத்தால், காவல் நிலையத்துக்கும் மீன்வளத் துறைக்கும் இன்றே தெரிவித்துவிடுகிறேன்.