ஓமமும் கராம்பும் எது வரைக்கும்?

(தாய்மார் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



போன கூட்டம் முடிந்து எழும்பும்போது ஒரு அக்கா கேட்டாங்க: "பிள்ளைக்கு வயித்தோட்டம்னா எங்க அம்மாயி ஓமத்தண்ணிதான் குடுப்பாங்க. அதெல்லாம் பொய்யா மிஸ்?" நல்ல கேள்வி. இன்றைக்கு அதைப் பற்றியே பேசுவோம்.

பொய் இல்லை. ஓமத்தைக் கசக்கி மோந்து பாருங்க. அந்த மணம் அதிலுள்ள எண்ணெயின் மணம். அந்த எண்ணெயில் தைமோல் என்ற பொருள் இருக்கிறது. கராம்பில் இருப்பது யூஜினோல். கறுவாப் பட்டையில் சின்னமல்டிகைட். லயத்து வாசலில் வளர்க்கிற கற்பூரவள்ளியில் கார்வக்ரோல். வெள்ளைப்பூண்டை நசுக்கினால்தான் அலிசின் என்ற பொருள் உண்டாகும். 1944ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்து, அது கிருமிகளைத் தடுக்கிறது என்று காட்டினார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய தோல் உண்டு. இந்த எண்ணெய்கள் அந்தக் கொழுப்பில் கலந்து தோலைப் பழுதாக்கும். கொழுந்துக் கூடை பிய்ந்தால் கொழுந்து சிந்துவது மாதிரி, கிருமிக்குள் இருப்பது வெளியே கசியும். கிருமி செத்துப்போகும்.

அப்படியென்றால் மருந்து எதற்கு என்று கேட்பீங்க. இங்கேதான் கவனம் வேண்டும். ஆய்வுகூடத்தில் எண்ணெயைக் கிருமியின் மேல் நேராகப் படவைத்துப் பார்க்கிறார்கள். நாம் குடிக்கும் ஓமத்தண்ணியில் அந்த எண்ணெய் மிகக் கொஞ்சம். கொதிக்கக் கொதிக்க ஆவியோடும் போய்விடும். அதோடு, சின்னப் பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்குப் பல வேளை காரணம் வைரஸ்.

பிள்ளையின் உயிருக்கு ஆபத்து, உடம்பிலுள்ள தண்ணியும் உப்பும் இறங்கிப் போவதுதான். ஓமத்தண்ணியில் அந்த உப்பு இல்லை. ஆகவே முதல் வேலை ஜீவனி. ஒரு பக்கட்டை ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணியில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடுங்க. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழி விழுந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், மூத்திரம் குறைந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை சோர்ந்து கிடந்தால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீங்க. ராத்திரி என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.

வெட்டுக்காயமும் அப்படித்தான். கவ்வாத்துக் கத்தி பட்டதும் மஞ்சளையோ தேயிலைத் தூளையோ அப்புகிறோம். அந்தத் தூளிலேயே கிருமி இருக்கலாம். ஏற்புவலிக் கிருமி மண்ணில் இருப்பது. மஞ்சளுக்கு அது அடங்காது. சுத்தமான தண்ணியாலும் சவர்க்காரத்தாலும் கழுவி, சுத்தமான துணியால் கட்டி, ஊசி போட வேண்டுமா என்று மருந்துச்சாலையில் கேளுங்க.

இன்னும் ஒன்று. கராம்பு எண்ணெய் போத்தலைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்க. பல்வலிக்குப் பெரியவங்க பஞ்சில் ஒரு துளி தொட்டு வைப்பது வேறு. சின்னப் பிள்ளை குடித்துவிட்டால் ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அரைத்த பச்சைப் பூண்டைத் தோலில் கட்டி வைத்தாலும் வெந்து கொப்புளம் போடும்.

ஆகவே அம்மாயி சொன்னதை ஒதுக்க வேண்டாம். ரசத்தில் பூண்டு போடுங்க, தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிங்க. வளர்ந்த பிள்ளைக்கு ஓமத்தண்ணியும் கொஞ்சம் குடுக்கலாம். ஜீவனிக்குப் பதிலாக அல்ல. ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒரு சொல். கொழுப்பைக் கரைக்கும் வேலையைச் செய்கிற இன்னொரு பொருள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதுதான் சவர்க்காரம். சில கிருமிகளை அது அழிக்கும், மற்றதைக் கழுவி எடுத்துவிடும். மலையிலிருந்து வந்ததும், கக்கூசுக்குப் போய் வந்ததும், பிள்ளைக்குச் சோறு ஊட்ட முன்னும் பீலியடியில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்க. வயிற்றோட்டம் வந்த பிறகு மருந்து தேடுவதைவிட, வராமல் பார்த்துக்கொள்வது லேசு.