மீன் எண்ணெய்க் குளிசையும் கதைக்கப் பிந்தும் பிள்ளைகளும்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



சிறுவர் கிளினிக்கில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். இரண்டரை வயதுப் பிள்ளை. 'அம்மா' என்பதைத் தவிர இன்னும் வேறு சொல் வரவில்லை. தாய் கைப்பையைத் திறந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைப்பார். லண்டனிலிருந்து சித்தி அனுப்பியது, அல்லது கனடாவிலிருந்து பெரியம்மா அனுப்பியது. 'ஒமேகா 3' என்று பெரிய எழுத்தில் இருக்கும்.

"டொக்டர், இதைக் குடுத்தால் கதைப்பானோ?"

அந்தச் சித்திமாரிலும் பெரியம்மாமாரிலும் பலர் இந்தக் கல்லூரியில் படித்தவர்கள்தான். சபையில் சிலர் சிரிக்கிறீர்கள். அனுப்பியவர்கள் யாரென்று தெரிகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாங்களும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. மூளைக் கலங்களின் மென்சவ்விலும் கண்ணின் விழித்திரையிலும் டீ.எச்.ஏ. என்ற கொழுப்பமிலம் நிறைய உண்டு. உடல் அதைத் தானாக மிகக் கொஞ்சமே ஆக்கும். மிச்சம் உணவால், முக்கியமாக மீனால், வரவேண்டும். அப்படியானால் கூட்டிக் கொடுத்தால் என்ன என்று கேட்பது நியாயந்தான். ஆராய்ச்சியாளர்களும் அதையேதான் கேட்டார்கள்.

இங்கிலாந்தின் டேரம் பகுதியில் 5 முதல் 12 வயது வரையான, உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்துவதில் சிரமமுள்ள 117 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு சாராருக்கு மீன் எண்ணெயும் ஈவினிங் பிரிம்றோஸ் எண்ணெயும் கலந்த குளிசை, மற்றச் சாராருக்கு ஒலிவ் எண்ணெய்க் குளிசை. 2005 இல் முடிவு வெளியானது. அசைவுகளில் மாற்றமில்லை. ஆனால் மூன்று மாதத்தில் வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் நடத்தையும் முன்னேறியிருந்தன. உலகம் சுற்றிய செய்தி இதுதான்.

சுற்றாத செய்தி பின்னால் வந்தது. ஒக்ஸ்ஃபோர்டில் வாசிப்பில் பின்தங்கிய, 7 முதல் 9 வயதான 362 பிள்ளைகளுக்கு 16 வாரம் தினமும் 600 மில்லிகிராம் டீ.எச்.ஏ. அல்லது போலிக் குளிசை கொடுத்தார்கள். 2012 இல் வெளிவந்த முடிவின்படி மொத்தத்தில் வித்தியாசமில்லை. மிகவும் பின்தங்கியவர்களிடம் மட்டும் சிறு முன்னேற்றம். அதை உறுதிப்படுத்த அப்படிப்பட்ட 376 பிள்ளைகளைச் சேர்த்து மறுபடி செய்து பார்த்தார்கள். 2018 இல் வந்த முடிவில் அந்தச் சிறு முன்னேற்றத்தையும் காணவில்லை.

அவையெல்லாம் வாசிப்பைப் பற்றியவை. கதைக்கப் பிந்தும் பிள்ளைகளுக்கு? அமெரிக்காவிலிருந்து 2009 இல் வந்த கட்டுரை ஒன்றைப் பெற்றோர் சிலர் எங்களிடம் காட்டுவார்கள். பேச்சு அசைவில் சிரமமுள்ள 187 பிள்ளைகளுக்கு ஒமேகா 3 உம் விற்றமின் ஈ உம் கொடுத்ததில் 181 குடும்பங்கள் நல்ல முன்னேற்றம் என்றன. பெரிய எண்தான். ஆனால் குளிசை எடுக்காத பிள்ளைகள் யாரும் ஒப்பிட அங்கே இருக்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளை சில மாதத்தில் எப்படியும் கொஞ்சம் கூடக் கதைக்கும். காசு கொடுத்து வாங்கிக் காத்திருக்கும் தாயின் காதுக்கு அது இன்னும் கூடக் கேட்கும்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் மூன்று வயது மகனோடு ஒரு தாய் வந்தார். "கூப்பிட்டால் திரும்புறான்தானே" என்றார். நாங்களும் அதைக் கேட்டுத் திருப்திப்பட்டோம். போத்தலைப் பார்த்து, "தீங்கில்லை, குடுத்துப் பாருங்கோ, மூன்று மாதத்தால் வாங்கோ" என்று சொல்லி அனுப்பினோம். அவர்கள் வந்தது பத்து மாதம் கழித்து. நாலாவது போத்தல் நடந்துகொண்டிருந்தது. அன்றுதான் செவிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். இரண்டு பக்கமும் நடுச்செவியில் நீர் கட்டியிருந்தது. தாய் கிட்ட நின்று உரக்கக் கூப்பிட்டால் திரும்புவான். சாதாரணக் கதை அவனுக்கு நீருக்கடியில் கேட்பதுபோலத்தான் கேட்டிருக்கும். எண்ணெய் அவனுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அந்தப் பத்து மாதம் எங்கள் கணக்கில் இருக்கிறது.

ஆகவே இப்போது போத்தலைத் தொடுவதற்கு முன் செவியைப் பார்க்கிறோம். 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லையென்றால், இரண்டு வயதில் 'பால் தா' போல இரு சொல் சேரவில்லையென்றால், எந்த வயதிலும் வந்த சொற்கள் மறைந்துபோனால், காத்திருக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும் கொண்டுபோங்கள். "இவன்ரை தகப்பனும் நாலு வயதிலைதான் கதைச்சவன்" என்று அப்பம்மா சொல்லுவா. சில வேளை அவ சொல்வது சரியாகவும் இருக்கும். எந்தப் பிள்ளையில் சரி என்று முன்கூட்டிச் சொல்ல அவவாலும் முடியாது, எங்களாலும் முடியாது.

கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் வைத்தியரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள். மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. விடுதியில் கரண்டியால் பருக்கினார்களே என்று மூத்த அக்காமார் சொல்லும் அந்தக் 'கொட் லிவர்' ஈரல் எண்ணெய். அதில் விற்றமின் ஏ உண்டு, அது கூடினால் கெடுதல். சூடையும் கீரியும் சாளையும் சந்தையில் கிடைக்கிறபோது, முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து கொடுத்தாலே நல்லது. சைவக் குடும்பங்களுக்குப் பாசியிலிருந்து எடுக்கும் டீ.எச்.ஏ. உண்டு.

செவி சரியென்றால் அடுத்தது பேச்சு, மொழிச் சிகிச்சை. அது பிள்ளை வளரும் மொழியிலேயே நடக்கவேண்டும். தமிழில் செய்யக்கூடியவர்கள் எங்கள் நாட்டில் போதாது, வரிசை நீளம். வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பார்சலில் போத்தலுக்குப் பதிலாகத் தமிழ்ப் படப் புத்தகங்கள் வையுங்கள். தொலைபேசியில், "காது பார்த்ததோ?" என்று கேளுங்கள்.

இங்கிருப்பவர்களுக்கு இன்னொன்று. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. எங்கள் உயர்தர மாணவிகளில் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. அடுத்த வழிகாட்டல் நாளில் அதற்கென ஒரு மேசை கேட்டிருக்கிறோம். அதிபர் சம்மதித்துவிட்டார். மேசையில் இருக்க இரண்டு பேர் தேவை. தேநீர் நேரத்தில் எங்களைப் பிடியுங்கள்.