கமத்தொழிலும் நம் இளைஞரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

நம் இளைஞர் கமத்தொழிலை ஏன் நாடுவதில்லை என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது" என்பது பெரியவர்கள் வழக்கமாகக் கூறும் விடை. அதனை நான் ஏற்பதற்கில்லை.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களிற் படித்த வாலிபர்களுக்குக் காணி வழங்கப்பட்டது. காடாய்க் கிடந்த மண்ணில் அவர்கள் மிளகாய் விளைவித்தார்கள். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் நல்ல விலையும் கிடைத்தது. 1977க்குப் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டது, விலை சரிந்தது. பின்னர் யுத்தமும் இடப்பெயர்வும் வந்தன. காணி, நீர், விலை ஆகிய மூன்றும் அமைந்தபோது படித்தவனும் மண்வெட்டி பிடித்தான் என்பதே இதன் பாடம்.

இன்று குடாநாட்டில் அம்மூன்றின் நிலை என்ன? காணி சீதனமாகவும் பங்காகவும் பிரிந்து சில பரப்புகளாய்ச் சுருங்கிவிட்டது. வற்றாத ஆறு நமக்கில்லை. மாரி மழையை நம்பிய கிணறே கதி. விலையோ கமக்காரனின் கையில் இல்லை. போதாக்குறைக்கு, 2021இல் இரசாயன உரத்துக்குத் திடீரெனத் தடை வந்தது. அவ்வாண்டு நவம்பரிலே நீக்கப்பட்டது. இடையில் நட்டப்பட்டவன் கமக்காரனே. தகப்பன் பட்ட பாட்டைக் கண்ட மகன் மாதச் சம்பளத்தை நாடினால் அவனைக் குறைகூற முடியுமா?

மானமும் ஒரு காரணம். "படியாவிட்டால் தோட்டம் கொத்தத்தான் போவாய்" என்று வீட்டிலே பயமுறுத்துகிறோம். தொழிலைத் தண்டனையாகக் காட்டிவிட்டு, அதை விரும்பவில்லையே என்று வருந்துகிறோம். தைப்பொங்கலன்று சூரியனை வணங்குகிறோம். ஆனால் பெண் கொடுக்கும்போது கமக்காரன் வீட்டைத் தாண்டிப் போகிறோம். அன்று விதைத்த நெல்லையே நள்ளிரவு மழையில் வாரிவந்து அடியாருக்கு அமுது படைத்த இளையான்குடி மாறனாரும் உழவரே என்பதை மறக்கலாமா?

ஆதலால் இச்சபை முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். கோயில்களுக்குரிய காணிகள் தரிசாய்க் கிடந்தால், தர்மகர்த்தாக்கள் அவற்றை இளைஞர் சிலருக்கு ஐந்தாண்டுக் குத்தகைக்கு எழுத்தில் வழங்கவேண்டும். ஆண்டுக்காண்டு கைமாறும் நிலத்தில் எவனும் எரு இடமாட்டான். இரண்டாவது, இளைஞர் தனித்தனியே சந்தைக்குப் போகாது கூட்டாக விற்கவேண்டும். வரவு செலவுக் கணக்கும் எழுதவேண்டும். மூன்றாவது, கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தாரிடம் மண், நீர் பற்றி ஆலோசனை கேட்கவேண்டும். அளவின்றி உரமிட்டால் அது குடிநீர்க் கிணற்றையும் கெடுக்கும்.

எல்லாரும் கமக்காரராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விரும்புகிற பத்துப் பேருக்கு வழி திறந்திருக்கவேண்டும். அடுத்த காலபோகத்துக்கு முன் ஒரு காணியிலாவது இம்முயற்சியைத் தொடங்குவோமாக.