பக்கத்து லயத்துக்காரர்



நம் பாட்டன்மாரில் பலர் கப்பலைவிட்டு இறங்கியதும் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார்கள். பிறகு கங்காணி காட்டிய தோட்டமே அவர்களுக்கு ஊர். இன்று வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் பக்கத்து லயத்தில் இருக்கிறார்கள். 'இவர்களால் நம் கூலி குறைகிறது' என்கிறோம். குறைப்பவர் அவர்களா, குறைத்துக் கொடுப்பவரா?

அவர்களின் கடப்பிதழைச் சில தோட்டங்களில் 'பத்திரமாக' ஆபீஸில் பூட்டி வைக்கிறார்கள். சட்ட அதிகாரமின்றிப் பிறர் கடப்பிதழை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கிராணித் தோழர்களே, பெட்டிச் சாவி யாரிடம் என்று உங்களுக்குத் தெரியாதா? 2019 ஜனவரி முதல் பெர்மிட் உள்ள அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் வேலை விபத்துக்குச் சொக்சோ உண்டு. கையை அறுத்துக்கொண்ட வங்காளத்தார் மலாய்ப் பாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நம்மில் ஒருவர் உட்கார்ந்து எழுதித் தரவேண்டும்.

மியன்மாரிலிருந்து உயிர் தப்பி வந்த ரோஹிங்யா மக்கள் பாடு இன்னும் கடினம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை, ஐ.நா. அட்டை மட்டும் வேலை உரிமை தராது. கூலி தராமல் விரட்டினாலும் புகார் செய்ய அஞ்சுகிறார்கள். அவர்களோடு லேபர் ஆபீஸ் வாசல்வரை நாம் போகலாமே!

அயல்நாட்டார் சங்கத்தில் சேர 1959 தொழிற்சங்கச் சட்டம் தடையல்ல. வரும் சம்பள நாளில் சந்தாப் புத்தகத்தோடு அந்த லயத்துக்கும் போகிறோம்.