காந்தம் காட்டும் உட்படம்



முதுகு நோவென்று ஒருவர் சொன்னால், "ஸ்கான் எடுத்தாயிற்றா?" என்பதே இன்று எம்மவர் கேட்கும் முதற் கேள்வி. வைத்தியர் வேண்டாமென்றாலும் விடுவதில்லை. கடன்பட்டாயினும் படத்தை எடுத்து, சாதகக் குறிப்பைப்போல அதனைக் கையிற் கொண்டு வீடுவீடாகக் காட்டுகின்றோம். ஆகவே எம்.ஆர்.ஐ. என வழங்கும் காந்த அதிர்வுப் படம் எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதைச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

எமது உடலிற் பெரும்பகுதி நீர். நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசன் கரு ஒவ்வொன்றும் நுண்ணிய காந்த ஊசி போன்றது. 1.5 தெஸ்லாக் காந்தம் பூமியின் காந்தத்திலும் ஏறக்குறைய 30,000 மடங்கு வலியது. அதனுள் உடலை வைத்ததும் இவ்வூசிகளுள் ஒரு சிறு பங்கு அதன் திசையிலே ஒழுங்குபடுகின்றது. பின்னர் வானொலி அலையைச் செலுத்த அவ்வொழுங்கு குலைகின்றது. அலை நின்றதும் ஊசிகள் பழைய நிலைக்கு மீள்கையில் தாமே மெல்லிய அலையை எழுப்புகின்றன. கொழுப்பு விரைந்து மீளும், நீர் தாமதிக்கும். இவ்வேறுபாட்டையே கணனி கறுப்பும் வெள்ளையுமாக வரைகின்றது. 1946 இல் புளொக்கும் பேர்செல்லும் கண்ட இவ்வதிர்வைப் படமாக்கும் வழியை லோற்றர்பர் 1973 இல் வெளியிட்டார். அவரும் மான்ஸ்பீல்டும் 2003 இல் நோபல் பரிசு பெற்றனர்.

எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டும். இதுவோ எலும்பினுள்ளிருக்கும் மச்சை, மூளை, முண்ணாண், தசைநார் ஆகியவற்றையும் காட்டும். காசநோய் முள்ளந்தண்டைப் பற்றும்போது எக்ஸ் கதிருக்குத் தெரியுமுன் இதிலே தெரிந்துவிடும். பாரிசவாதத்தில் இரத்தம் தடைப்பட்ட மூளைப் பகுதியும் மிக விரைவிற் புலப்படும். ஆயினும் அந்நோயாளரைப் பெரும்பாலும் சீ.ரீ. படத்துக்கே முதலில் அனுப்புவர். இரத்தக் கசிவு உண்டா என்பதை அது சில நிமிடங்களிற் சொல்லிவிடும். இதனை அலட்சியமென்று வைத்தியரோடு சண்டையிடுவது தகாது.

இனி முதுகுக்கு வருவோம். 1994 இல் அமெரிக்காவில் முதுகு நோவே இல்லாத 98 பேருக்கு இப்படம் எடுத்து, நோவுடையோர் சிலரின் படங்களோடு கலந்து வாசிக்கக் கொடுத்தனர். நோவற்ற அந்த 98 பேரில் 52 வீதத்தினருக்கு ஒரு முள்ளந்தண்டிடைத் தட்டாவது புடைத்திருந்தது. எல்லாத் தட்டுகளும் பழுதின்றி இருந்தோர் 36 வீதத்தினரே! முழங்காலும் இவ்வாறே. 50 முதல் 90 வயது வரையான 991 பேரை ஆராய்ந்து 2008 இல் வெளிவந்த கட்டுரையின்படி, முழங்கால் மூட்டின் பிறைச்சவ்வு கிழிந்தவர்களுள் 61 வீதத்தினர் அதற்கு முந்திய மாதத்தில் எவ்வித நோவையும் உணர்ந்திலர். நரை திரை போல இவையும் வயதோடு வருவன. படத்திற் புடைப்பென்று எழுதியிருப்பதைக் கண்டு கலங்கி, சத்திரசிகிச்சைக்கு நாட் பார்ப்போரை நாம் கண்டிருக்கின்றோம். நோவு எங்கே தொடங்கி எங்கே இறங்குகின்றது, எக்கால் வலுவிழந்தது என்று வைத்தியர் கையாலே சோதித்து அறிந்ததோடு படம் பொருந்தினாலன்றி அப்புடைப்புக்குப் பொருளில்லை. பெரும்பாலான முதுகு நோவுகள் சில வாரங்களிலே தாமே தணிகின்றன.

ஆயின், இரு கால்களும் வலுவிழத்தல், சலம் கட்டுதல் அல்லது அறியாமற் போதல், தொடையிடுக்கு மரத்தல் என்பன தோன்றினால் அன்றே படம் எடுத்தாக வேண்டும். அங்கே பணத்தையோ தூரத்தையோ கணக்குப் பார்த்துத் தாமதித்தால் கால்கள் திரும்பா.

காந்தத்தைப் பற்றியும் ஒன்று. படம் எடுக்காத வேளையிலும் அது ஓய்வதில்லை. 2001 இல் அமெரிக்காவில் அவ்வறைக்குட் கொண்டுவரப்பட்ட இரும்பு ஒட்சிசன் உருளை பறந்து சென்று, உள்ளே கிடந்த ஆறு வயதுச் சிறுவனின் உயிரைக் குடித்தது. ஆதலால் வாயிலிலே கேட்கப்படும் கேள்விகளுக்கு "இல்லை, இல்லை" என்று விரைந்து ஒப்பமிடுதல் ஆகாது. இருதயத்துக்குத் துடிப்புக் கருவி பொருத்தியோரும், வெல்டிங் வேலையிற் கண்ணில் இரும்புத் துகள் பட்டோரும் அதனைச் சொல்லவேண்டும். எமது நாட்டிலோ 2009 வரை நடந்த போரின் செல் துண்டுகளை உடம்பிற் சுமப்போர் பலர். காயம் ஆறி ஆண்டுகள் பல சென்றாலும், அத்துண்டு எங்கே கிடக்கின்றதென எக்ஸ் கதிர்ப் படத்தாற் பார்த்த பின்னரே அவர்களை உள்ளே அனுப்புவதா என்று வைத்தியர் தீர்மானிப்பர்.