நாவறிந்த ஒலி



தொல்காப்பியப் பிறப்பியலை மனப்பாடம் செய்து முனைவர் பட்டமும் பெற்ற நான், ழகரம் வராத மாணவியரைக் கடிந்ததுண்டு, வழிகாட்டியதில்லை.

பின்னர், 1886இல் பாரிசில் தோன்றிய பன்னாட்டு ஒலியியல் கழகத்தின் ஒலிக்குறிகளைக் கற்றேன். 'கல்', 'தங்கம்', 'அகம்' ஆகிய மூன்றிலும் எழுத்தில் ககரம் ஒன்றே, ஒலிக்குறிகளோ மூன்று. என் வாயில் அன்றாடம் பிறந்த ஒலிகளை அன்றுதான் என் செவி கேட்டது.

மறுநாள் ஒரு மாணவியிடம், "நாநுனியை மேலே வளை, அண்ணத்தில் முட்டாமல் நிறுத்து" என்றேன். சில முயற்சிகளுக்குப் பின் "மழை" என்றாள். தொல்காப்பியர் சொன்ன பிறப்பிடம் எனக்கும் அன்றே விளங்கிற்று.

கவிஞர்களே, அச்சுக்கு அனுப்புமுன் கவிதையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏட்டில் இல்லாத ஒலி உங்கள் நாவில் இருக்கிறது.